கொடையும் சொல்லும்

பள்ளிப் படிப்பை முடித்து மேற்படிப்பை நாடும் இளைஞர் ஒருவர், பொருளுதவி வேண்டி ஆங்கிலத்தில் ஒரு விண்ணப்பம் எழுத நேர்கிறது என்று கொள்வோம். 'டொனேஷன்', 'கிராண்ட்', 'சப்சிடி', 'ஸ்காலர்ஷிப்', 'ஸ்டைபெண்ட்', 'எண்டோமென்ட்', 'பேட்ரன்', 'ஸ்பான்சர்' எனப் பல சொற்கள் அவர் முன்னே வந்து நிற்கும். அகராதியைப் புரட்டினால், ஏறக்குறைய எல்லாவற்றிற்கும் 'உதவி' என்றோ 'நன்கொடை' என்றோ பொருள் கூறப்பட்டிருக்கும். எனவே, எதை எழுதினாலும் ஒன்றே என அவர் எண்ணிவிடலாம். அவ்வாறு எண்ணிய இளைஞர் ஒருவரை நான் அறிவேன். தம் ஊர்ச் செல்வர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், தம் படிப்புக்குச் 'சப்சிடி' தந்து உதவ வேண்டும் என்று அவர் கேட்டிருந்தார். செல்வர் ஆங்கிலம் நன்கு கற்றவர். "சப்சிடி அரசாங்கம் தருவது, தம்பி! என்னிடம் பணம் இருக்கிறது, அரசாங்கம் இல்லையே!" என்று நகைத்தார், பின்னர்ப் பணமும் தந்து அனுப்பினார்.

நகைப்புக்குரிய பிழைதான், ஆயினும் அதனுள் கருதத்தக்கது ஒன்று உண்டு. பணம் ஒன்றே, அது ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்குச் செல்லும் வழிகளோ பல. கொடுப்பவர் யார், எதற்காகக் கொடுக்கிறார், கைம்மாறாக எதனை எதிர்பார்க்கிறார், பெற்றவர் அதன் பின்னர் எவ்வளவு உரிமையோடு வாழலாம் என்பவற்றை ஒவ்வொரு சொல்லும் ஓர் உடன்படிக்கை போலத் தன்னுள்ளே பொதிந்து வைத்திருக்கிறது. அதனை அறியாமல் சொல்லை மட்டும் வழங்குவது, பத்திரத்தைப் படித்துப் பாராமல் கையெழுத்து இடுவதை ஒக்கும். இச்சொற்களுள் பலவற்றின் சுவையையும் கசப்பையும் தம் வாழ்க்கையிலேயே நுகர்ந்து அறிந்த அறிஞர் ஒருவர் இங்கிலாந்தில் வாழ்ந்தார். ஆங்கில மொழிக்கு அகராதி செய்தவரும் அவரே. அவர்தாம் சாமுவேல் ஜான்சன்.

ஜான்சன் 1709-ஆம் ஆண்டில், லிச்பீல்டு என்னும் ஊரில், புத்தக வணிகர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். 1728-ஆம் ஆண்டில் ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த பெம்புரோக் கல்லூரியில் சேர்ந்தார். அறிவில் செல்வராக விளங்கிய அவர் பொருளில் வறியவராக இருந்தார். அவருடைய காலணிகள் கிழிந்து, கால்விரல்கள் வெளியே தெரிந்தன. அதனைக் கண்டு இரங்கிய ஒருவர், புதிய காலணிகளை அவருடைய அறையின் வாயிலில் வைத்துச் சென்றார். ஜான்சன் அவற்றைக் கண்டதும் சினங்கொண்டு வீசி எறிந்துவிட்டார் என்று அவருடைய வரலாற்றை எழுதிய பாஸ்வெல் கூறுகிறார். பதின்மூன்று திங்களுக்குப் பின்னர்ப் பணம் இல்லாமையால், பட்டம் பெறாமலேயே அவர் கல்லூரியை விட்டு நீங்கினார்.

காலணிகளை வைத்தவர் செய்தது 'சாரிட்டி'. இலத்தீன் மொழியில் அருமை, அன்பு என்னும் பொருளைத் தந்த ஒரு சொல்லிலிருந்து இது பிறந்தது. அன்பைக் குறித்த சொல், நாளடைவில், இல்லாதவர்க்கு இரங்கி இடும் பிச்சையையும் குறிக்கலாயிற்று. இடுபவர் உள்ளத்தில் அன்பே இருந்தாலும், ஏற்பவர் உள்ளத்தில் நாணம் தோன்றுகிறது. ஜான்சன் எறிந்தது காலணிகளை அன்று. அந்த நாணத்தையே எறிந்தார் எனலாம். ஆங்கிலச் சட்டத்தில் இச்சொல்லுக்கு வேறொரு மதிப்பு உண்டு. 1601-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட ஒரு சட்டம், வறியவர்க்கு உதவுதல், கல்விச் சாலைகளைப் பேணுதல் முதலிய பொதுப்பணிகளை இதன்பாற்படுத்தியது. இன்று ஆங்கில நாட்டில் ஒரு நிறுவனம் தன்னைச் 'சாரிட்டி' என்று கூறிக்கொண்டால், அது பொதுநலத்திற்காகச் சட்டப்படி அமைந்த அறநிலையம் என்றே பொருள்படும்.

கல்லூரியை விட்டு வந்த ஜான்சன் பின்னர் இலண்டன் மாநகரம் சென்று, எழுதிப் பிழைக்கலானார். 1746-ஆம் ஆண்டில் புத்தக வணிகர் சிலர் ஒன்றுகூடி, ஆங்கில மொழிக்கு ஓர் அகராதி செய்து தருமாறு அவரோடு ஒப்பந்தம் செய்துகொண்டனர். ஒப்பந்தத் தொகை 1,575 பவுன். மூன்று ஆண்டுகளில் முடித்துவிடலாம் என ஜான்சன் எண்ணினார். முடிவதற்கு ஒன்பது ஆண்டுகள் ஆயின. உதவியாளர் அறுவர்க்குக் கூலியும் பிற செலவுகளும் அந்தத் தொகையிலிருந்தே போயின. எனவே, பெருஞ்செல்வர் ஒருவருடைய ஆதரவை நாடும் எண்ணம் எழுந்தது. அகராதியின் திட்டத்தை 1747-ஆம் ஆண்டில் அச்சிட்டு, செஸ்டர்பீல்டு பிரபுவை முன்னிலைப்படுத்தி வெளியிட்டார். அக்காலத்தில் நூல் செய்வோர் நாடிய அத்தகைய செல்வர்க்குப் 'பேட்ரன்' என்பது பெயர்.

தந்தையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் அடியாகப் பிறந்தது 'பேட்ரன்'. பண்டைய ரோமாபுரியில், அடிமை ஒருவனை விடுதலை செய்த தலைவன், அதன் பின்னர் அவனுக்குப் 'பேட்ரன்' ஆனான். செல்வாக்கு மிக்க தலைவரை அடுத்து வாழ்ந்த எளியோர், காலைதோறும் அவர் மனைக்குச் சென்று வணங்குவர். தலைவர் உணவோ பணமோ அளிப்பார். வழக்கு நேர்ந்தால் துணைநிற்பார். கைம்மாறாக, தேர்தல் காலத்தில் அவர்கள் அவர் பக்கம் நிற்க வேண்டும். அவர் வெளியே செல்லும்போது புடைசூழ்ந்து செல்ல வேண்டும். தந்தை மக்களைக் காப்பது போலக் காத்தல் என்பது ஒரு பக்கம். மக்கள் தந்தைக்கு அடங்குவது போல அடங்குதல் என்பது மற்றொரு பக்கம். மாதிரி என்னும் பொருளில் நாம் வழங்கும் 'பேட்டர்ன்' என்னும் சொல்லும் இதிலிருந்து பிரிந்ததே. தலைவனைப் பார்த்து ஒழுகுதல் என்னும் கருத்து அதில் இன்னும் இருக்கிறது. நம் மொழியில் உள்ள 'புரவலர்' என்னும் சொல்லுக்கும் காப்பவர் என்பதே பொருள். புரத்தல் என்றால் காத்தல். இரு மொழியினரும் கொடுப்பவரைக் காப்பவராகவே கண்டனர்.

செஸ்டர்பீல்டு பிரபு காத்தாரா? தொடக்கத்தில் அவர் பத்துப் பவுன் தந்தார். அதன் பின்னர் ஜான்சன் அவருடைய மாளிகைக்குச் சென்றபோது புற அறையில் காத்திருந்து, உள்ளே செல்ல இயலாமல் திரும்ப நேர்ந்தது. ஏழாண்டுகள் உருண்டோடின. அந்த ஆண்டுகளுக்கிடையே ஜான்சன் தம் மனைவியையும் இழந்தார். அகராதி முடிவடையும் செய்தி நகரெங்கும் பரவியபோது, 1754-ஆம் ஆண்டின் இறுதியில், பிரபு ஒரு பத்திரிகையில் அந்நூலைப் புகழ்ந்து இரு கட்டுரைகள் எழுதினார். நூல் தமக்கு உரிமையாக்கப்படும் என அவர் எதிர்பார்த்தார் போலும்! 1755-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 7-ஆம் நாள் ஜான்சன் அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். துன்புற்ற காலத்தில் உதவாமல், கரையேறிய பின்னர் வந்து கைநீட்டுவது புரவலர்க்கு உரிய செயல்தானா என அக்கடிதத்தில் பணிவான சொற்களாலேயே அவர் வினவினார். ஆங்கில உரைநடையில் அத்துணைப் புகழ் பெற்ற கடிதம் வேறொன்றைக் கூறுவது அரிது. சினம் சிறிதும் நடையைச் சிதைக்கவில்லை என்பதே அதன் தனிச்சிறப்பு.

அந்த ஆண்டு ஏப்ரல் திங்களில் அகராதி வெளிவந்தது. நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட சொற்கள் அதில் இருந்தன. 'பேட்ரன்' என்னும் சொல்லுக்கு, ஆதரிப்பவர், காப்பவர் என முறைப்படி பொருள் கூறிய ஜான்சன், அத்துடன் நிற்கவில்லை. இறுமாப்போடு கொடுத்து முகமனைக் கூலியாகப் பெறும் இழிந்தவரே பெரும்பாலும் இப்பெயரைத் தாங்குகின்றனர் என்னும் கருத்தையும் சேர்த்து எழுதினார். அறிஞர் வாழ்க்கையில் நேரும் துன்பங்களை 1749-ஆம் ஆண்டில் தாம் எழுதிய ஒரு கவிதையில் வரிசைப்படுத்திக் கூறியிருந்தார். அந்த வரிசையில் வறியோர் வாழும் மேன்மாடச் சிற்றறையைக் குறித்த சொல் ஒன்று இருந்தது. 1755-ஆம் ஆண்டுப் பதிப்பில் அந்தச் சொல்லை நீக்கி, அதன் இடத்தில் 'பேட்ரன்' என்று அமைத்தார். ஓர் அகராதி ஆசிரியருடைய உள்ளப் புண்ணை ஒரே சொல்லின் மாற்றத்தால் நாம் அறிகிறோம்.

புரவலரை நாடாமல் நூல் வெளியிடுவதற்கு அந்நாளிலேயே வேறொரு வழி தோன்றியிருந்தது. அதுவே 'சப்ஸ்கிரிப்ஷன்'. 'கீழே எழுதுதல்' என்பது இலத்தீன் மொழியில் இதற்கு உரிய நேர்ப்பொருள். வெளிவரப்போகும் நூலை வாங்கிக்கொள்வோம் என ஒப்புக்கொண்டு, பலரும் ஓர் அறிக்கையின் கீழே தம் பெயரை எழுதி, ஒரு பகுதிப் பணத்தையும் முன்னதாகத் தருவர். அப்பணத்தைக்கொண்டு நூல் அச்சாகும். அலெக்சாந்தர் போப் என்னும் கவிஞர், ஓமரின் இலியத் காப்பியத்தை ஆங்கிலத்தில் பெயர்த்து, 1715 முதல் 1720 வரை ஆறு தொகுதிகளாக இம்முறையில் வெளியிட்டார். ஐயாயிரம் பவுனுக்கும் மேற்பட்ட ஊதியம் அவருக்குக் கிடைத்தது. ஒருவரை வணங்கி நின்று பெறுவதற்குப் பதிலாக, பலரிடம் சிறிது சிறிதாகப் பெற்று எவருக்கும் அடிமையாகாமல் வாழ முடியும் என அவர் காட்டினார்.

தமிழ்நாட்டிலும் இம்முறை கையாளப்பட்டது. உ. வே. சாமிநாதையர் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராக இருந்தபோது, சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க முனைந்து, முன்பணம் உதவுமாறு அன்பர் பலரை நாடினார். நூல் 1887-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அத்தகைய உதவிக்கு அக்காலத்தில் வழங்கிய தமிழ்ப்பெயர் 'கையொப்பம்' என்பதாகும். 'கீழே எழுதுதல்' என்னும் இலத்தீன் கருத்தும் 'கையொப்பம்' என்னும் தமிழ்க் கருத்தும் ஒத்திருத்தல் காண்க. பிற்காலத்தில் பாரசீகச் சொல்லாகிய 'சந்தா' நம் மொழியில் நுழைந்து நிலைபெற்றுவிட்டது. எனினும், 'கையொப்பம்' என்பதில் இருந்த தெளிவு அதில் இல்லை என்பது என் கருத்து.

பலரிடம் பெறுவதிலும் கடப்பாடு இல்லாமல் போகாது. பெற்றவர் சொன்ன சொல்லைக் காக்க வேண்டும். ஜான்சன் இதில் தவறினார். ஷேக்ஸ்பியரின் நாடகங்களைப் பதிப்பித்துத் தருவதாக 1756-ஆம் ஆண்டில் அறிவித்துச் சந்தா திரட்டினார். மறு ஆண்டின் இறுதிக்குள் நூல் வரும் என்றார். வந்ததோ 1765-ஆம் ஆண்டில்! சந்தா செலுத்தியவர்களின் பட்டியலை நூலில் அச்சிடுதல் வழக்கம். அதுபற்றிப் பேச்சு எழுந்தபோது, பெயர்களைத் தொலைத்துவிட்டதாகவும் பணத்தைச் செலவிட்டுவிட்டதாகவும் ஜான்சன் ஒளிக்காமல் கூறினாராம். சார்லசு சர்ச்சில் என்னும் கவிஞர் இதனை எள்ளிப் பாடினார். புரவலரின் இறுமாப்பைக் கடிந்தவரே, சந்தாதாரர் முன் தலைகுனிய நேர்ந்தது.

அகராதி வெளிவந்ததால் ஜான்சனின் வறுமை நீங்கிற்று என எவரும் எண்ண வேண்டா. நூல் வெளிவந்து ஓராண்டு நிரம்புமுன், 1756-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், ஏறத்தாழ ஆறு பவுன் கடனுக்காக அவர் காவலில் வைக்கப்பட்டார். நாவலாசிரியர் சாமுவேல் ரிச்சர்ட்சன் ஆறு கினி அனுப்பி அவரை மீட்டார். 1759-ஆம் ஆண்டில் அவருடைய அன்னையார் இறந்தார். ஈமச் செலவுக்கும் அன்னையார் விட்டுச்சென்ற சிறு கடன்களுக்கும் பணம் வேண்டி, ஒரே வாரத்தின் மாலைப் பொழுதுகளில் 'ராசெலாஸ்' என்னும் கதையை அவர் எழுதி விற்றார். ஒரு மொழி முழுவதற்கும் பொருள் கூறியவர்க்கு வேறு பொருள் இல்லை!

1762-ஆம் ஆண்டில் நிலைமை மாறிற்று. மூன்றாம் ஜார்ஜ் மன்னர் ஜான்சனுக்கு ஆண்டுதோறும் முந்நூறு பவுன் 'பென்ஷன்' அளிக்க இசைந்தார். இங்கே ஓர் இடர்ப்பாடு தோன்றியது. தம் அகராதியில் 'பென்ஷன்' என்னும் சொல்லுக்கு, தன் நாட்டுக்கு இரண்டகம் செய்வதற்காக அரசின் கூலியாள் பெறும் ஊதியம் என்னும் பொருள்பட ஜான்சன் எழுதியிருந்தார். அரசியல் தலைவர்கள் தம்மைப் புகழ்ந்து எழுதுவோர்க்கும் தமக்கு வாக்களிப்போர்க்கும் அரசுப் பணத்தை வாரி வழங்கிய காலம் அது. தாம் இகழ்ந்த சொல்லே தம்மைத் தேடி வந்தபோது அவர் என் செய்வார்? ஓவியர் ஜோஷுவா ரெனால்ட்ஸ் முதலிய நண்பர்களைக் கலந்தார். எழுத்துத் தொண்டுக்காக அளிக்கப்படுவதை ஏற்பதில் தவறில்லை என ரெனால்ட்ஸ் கூறினார். தலைமை அமைச்சராக இருந்த பியூட் பிரபுவும், இனிச் செய்யவேண்டிய எதற்காகவும் இது தரப்படவில்லை, முன்பு செய்ததற்காகவே தரப்படுகிறது என்று உறுதி கூறினார். ஜான்சன் ஏற்றுக்கொண்டார். பகைவர்கள் அகராதியை எடுத்துக் காட்டிச் சிரித்தனர். பின்னாளில், 1770-களில், அரசாங்கத்தின் பக்கம் நின்று அவர் சில சிறு நூல்களை எழுதியபோது, பழைய ஏளனம் மீண்டும் எழுந்தது. அவர் தம் மனத்துக்குப் பட்டதையே எழுதினார் என்று நாம் நம்பலாம். எனினும், பணம் பெற்றவர் உண்மையே கூறினாலும் கேட்பவர்க்கு ஐயம் எழும் என்பதை மறுப்பதற்கில்லை.

'பென்ஷன்' என்பதன் வேர்ச்சொல்லுக்கு நிறுத்தல், எடை பார்த்தல் என்பது பொருள். நாணயம் வழங்குவதற்கு முன்பு உலோகத்தை நிறுத்துக் கொடுத்தனர். ஆதலால் நிறுத்தலே கொடுத்தலாயிற்று. மாணவரும் பயிற்சி பெறுவோரும் திங்கள்தோறும் பெறும் 'ஸ்டைபெண்ட்' என்பதிலும் இந்த வேர் உண்டு. ரோமாபுரியின் படைவீரர் பெற்ற ஊதியத்துக்கு அப்பெயர் முதலில் உரியதாயிருந்தது. 'பென்ஷன்' என்னும் சொல்லுக்கு ஜான்சன் கண்ட இழிவு இன்று அடியோடு நீங்கிவிட்டது. உழைத்து ஓய்ந்தவர் பெறும் ஓய்வூதியம் அரசின் கருணையால் இடப்படும் கொடையன்று, அது அவருடைய உரிமை என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1982-ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. சொல் ஒன்றே, இருநூற்று இருபது ஆண்டுகளில் அதன் உள்ளே இருந்த உடன்படிக்கை மாறிவிட்டது.

ஜான்சன் காலம் வரையில் கொடுப்பவர் பெரும்பாலும் தனிமனிதராகவே இருந்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அரசாங்கமே பெருங்கொடையாளியாயிற்று. அரசாங்கம் கொடுக்கும்போது வழங்கும் சொல் 'கிராண்ட்'. 'நம்புதல்' என்னும் இலத்தீன் வேரிலிருந்து இது பிறந்தது. கடனைக் குறிக்கும் 'கிரெடிட்' என்பதும் இதற்கு உறவே. திருப்பித் தரவேண்டாத தொகை இது. ஆனால் கூறிய பணிக்கே செலவிட வேண்டும். கணக்குக் காட்டவும் வேண்டும். நம்பிக் கொடுப்பதுதான், எனினும் அந்த நம்பிக்கையோடு ஒரு தணிக்கையாளரும் உடன் வருகிறார்!

1833-ஆம் ஆண்டில் ஆங்கிலப் பாராளுமன்றம் பள்ளிக் கட்டடங்களுக்காக இருபதாயிரம் பவுன் ஒதுக்கியது. அந்நாட்டில் கல்விக்கு அரசு அளித்த உதவி அதிலிருந்தே தொடங்கியது. தொகை ஆண்டுக்கு ஆண்டு பெருகவே, கொடுத்த பணத்துக்குப் பயன் கிட்டியதா என்னும் கேள்வி பிறந்தது. 1862-ஆம் ஆண்டில் இராபர்ட் லோ என்பவர் ஒரு புதிய விதியைக் கொணர்ந்தார். மாணவர் வருகைக்காகத் தலைக்கு நான்கு ஷில்லிங் உண்டு. அதற்கு மேல், தேர்வில் தேறும் மாணவர் ஒருவர்க்கு எட்டு ஷில்லிங் உண்டு. படித்தல், எழுதுதல், கணக்கு என்னும் மூன்றில் எதில் தவறினாலும், அதற்காக இரண்டு ஷில்லிங் எட்டுப் பென்னி குறைக்கப்படும். ஒரு ஷில்லிங்குக்குப் பன்னிரண்டு பென்னி ஆதலால், அது எட்டு ஷில்லிங்கில் சரியாக மூன்றில் ஒரு பங்கு. கணக்கு மிகத் துல்லியமானது. விளைவு என்ன? பல பள்ளிகளில் ஆசிரியரின் சம்பளமே சிறுவன் ஒருவனின் வாயிலிருந்து வரும் விடையைச் சார்ந்ததாயிற்று. வரலாறும் பூகோளமும் பின்தள்ளப்பட்டன. ஒரே வாசக நூலை ஆண்டு முழுவதும் திரும்பத் திரும்ப ஓதச் செய்தனர். கவிஞரும் பள்ளி ஆய்வாளருமாகிய மாத்யூ ஆர்னால்டு இம்முறையைத் தொடக்கத்திலிருந்தே எதிர்த்தார். 1890-களில்தான் அது கைவிடப்பட்டது. கொடையோடு பிணைக்கப்பட்ட ஒரு நிபந்தனை, முப்பது ஆண்டுகள் ஒரு நாட்டின் வகுப்பறைகளை ஆண்டது. நம் நாட்டிலும், 1854-ஆம் ஆண்டின் கல்வி அறிக்கைக்குப் பின்னர், தனியார் பள்ளிகளுக்கு அரசு உதவித்தொகை தரும் முறை வந்தது. 'அரசு உதவி பெறும் பள்ளி' என்னும் பலகையை நம் ஊர்களில் காண்கிறோம். அதன் மூலம் இதுவே.

'சப்சிடி' என்பதற்கு வருவோம். பின்னால் அமர்ந்திருத்தல் என்பது இதன் வேர்ப்பொருள். போர்க்களத்தில் முன்னணி தளரும்போது உதவுவதற்காகப் பின்னே இருத்தப்பட்ட படையை ரோமர் இவ்வாறு அழைத்தனர். அதிலிருந்து துணை என்னும் பொதுப்பொருள் தோன்றியது. வெல்லெஸ்லி பிரபு 1798 முதல் இந்திய மன்னர்களோடு செய்த துணைப்படை உடன்படிக்கைகள் இச்சொல்லாலேயே பெயர் பெற்றன. கும்பெனியின் படையைத் தம் நாட்டில் வைத்துக்கொண்டு, அதன் செலவை மன்னர் ஏற்க வேண்டும். அச்செலவுக்கு ஈடாகவே ஐதராபாத்து நிசாம் 1800-ஆம் ஆண்டில் பல்லாரி, கடப்பை முதலிய பகுதிகளைக் கும்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். துணை செய்ய வந்த படைக்குத் துணை செய்து நாட்டை இழந்த கதை அது. இன்று இச்சொல், ஒரு பொருளின் விலையைக் குறைப்பதற்காக அரசு ஏற்கும் செலவைக் குறிக்கிறது. உரத்துக்கும் சமையல் எரிவாயுவுக்கும் தரப்படுவது இதுவே. நாம் இதனை 'மானியம்' என்கிறோம். மானியம் என்பது பண்டு வரியில்லாமலோ குறைந்த வரிக்கோ விடப்பட்ட நிலத்தைக் குறித்த சொல்.

'எண்டோமென்ட்' என்பது மணப்பெண்ணுக்கு அளிக்கும் சீரைக் குறித்த இலத்தீன் சொல்லோடு உறவுடையது. பெண் புகுந்த வீட்டில் என்றும் வாழ்வதற்காகத் தரும் சீர் போல, ஒரு கல்லூரியோ மருத்துவமனையோ என்றும் நிலைத்திருக்கத் தரும் முதல் இது. முதலைத் தொடலாகாது, வருவாயையே செலவிட வேண்டும். நம் முன்னோர் இக்கருத்தை நன்கு அறிந்திருந்தனர். கோயிலில் நந்தாவிளக்கு ஒன்று எரிவதற்காகத் தொண்ணூறு அல்லது தொண்ணூற்றாறு ஆடுகள் விட்ட செய்தியைச் சோழர் கல்வெட்டுகளில் காணலாம். ஆடுகளைப் பெற்ற இடையர் நாள்தோறும் நெய் அளக்க வேண்டும். இறந்த ஆட்டுக்கு ஈடாகக் குட்டி வளர்ந்து எண்ணிக்கை குறையாமல் இருக்கும் ஆதலின், அவற்றைச் சாவா மூவாப் பேராடு என்றனர். முதல் அழியாமல் வருவாய் மட்டும் பயன்படும் முறையை இதனினும் அழகாக விளக்க இயலாது.

இந்நாளில் எங்கும் கேட்கும் சொல் 'ஸ்பான்சர்'. ரோமரின் சட்டத்தில் பிறர் கடனுக்குப் பிணை நின்றவனே இப்பெயரைப் பெற்றான். 'உறுதி கூறுகிறாயா?' என வினவ, 'உறுதி கூறுகிறேன்' என அவன் விடையளித்தால் ஒப்பந்தம் நிறைவேறும். பின்னர்க் கிறித்தவத் திருச்சபையில், குழந்தையின் திருமுழுக்கின்போது அதற்காக வாக்குறுதி அளிக்கும் ஞானப் பெற்றோரை இச்சொல் குறித்தது. வானொலி தோன்றிய பின்னர், அமெரிக்காவில் இதற்கு வணிகப் பொருள் வந்தது. ஒரு நிகழ்ச்சியின் செலவை வணிக நிறுவனம் ஏற்கும். அந்நிறுவனத்தின் பெயர் நிகழ்ச்சிதோறும் கூறப்படும். சவர்க்கார நிறுவனங்களின் செலவில் ஒலிபரப்பான தொடர்கதைகளுக்குச் சவர்க்கார நாடகம் என்னும் பொருள்படும் பெயரே நிலைத்துவிட்டது. இலங்கை வானொலி 1952-ஆம் ஆண்டில் தொடங்கிய இந்திப் பாட்டு நிகழ்ச்சி ஒன்று, பினாகா என்னும் பற்பசையின் பெயராலேயே 'பினாகா கீத்மாலா' என்று பல்லாண்டுகள் புகழ்பெற்றது. எனவே, நன்கொடையாளர் வேறு, 'ஸ்பான்சர்' வேறு. நன்கொடையாளர் பெயரை வேண்டாதவராகவும் இருக்கலாம். 'ஸ்பான்சர்' பெயருக்காகவே பணம் தருகிறார். அதில் இழுக்கு ஒன்றும் இல்லை. அது ஒரு கொள்வினை. ஆனால், வெளிநாட்டில் பயில விரும்புவோர் நிரப்பும் படிவங்களில் இச்சொல் வந்தால், அங்கே விளம்பரம் ஒன்றும் இல்லை. செலவுக்குப் பொறுப்பேற்பவர் யார் என்பதே கேள்வி. ரோமாபுரியின் பிணையாளி அங்கே மீண்டும் தோன்றுகிறார்.

இறுதியாக, மாணவர்க்கு நெருங்கிய சொற்களைக் காண்போம். 'ஸ்காலர்ஷிப்' தகுதி நோக்கித் தரப்படுவது. 'பர்சரி' பெரும்பாலும் தேவை நோக்கித் தரப்படுவது. தோற்பை என்னும் பொருளுடைய சொல்லிலிருந்து வந்தது. ஆங்கிலேயப் பல்கலைக்கழகங்களில் 'எக்ஸிபிஷன்' என்றும் ஓர் உதவித்தொகை உண்டு. அது பொருட்காட்சி அன்று. பழைய ஆங்கிலத்தில் அச்சொல்லுக்கு உணவும் உடையும் தந்து பேணுதல் என்னும் பொருள் இருந்தது. இவற்றையெல்லாம் ஒருவர் வாழ்விலேயே காணவேண்டுமாயின், கணித மேதை இராமானுசனை நினைக்கலாம்.

கல்லூரித் தேர்வில் தேறாமல் வேலையின்றி இருந்த இராமானுசன், நெல்லூர்க் கலெக்டராக இருந்த இராமச்சந்திர ராவைக் கண்டார். உணவுக்குக் கவலையின்றிக் கணிதம் ஆராய்வதற்குச் சிறிது பணம் கிடைத்தால் போதும் என்றார். இராமச்சந்திர ராவ் சில காலம் திங்கள்தோறும் தம் கைப்பணத்தைத் தந்தார். அவர் செஸ்டர்பீல்டு பிரபு போன்றவர் அல்லர், மனமுவந்தே தந்தார். எனினும், ஒருவர்க்குச் சுமையாக நெடுநாள் இருக்க இராமானுசன் விரும்பவில்லை. 1912-ஆம் ஆண்டில் சென்னைத் துறைமுகத்தில் முப்பது ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தராக அமர்ந்தார். மறு ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகம் திங்களுக்கு எழுபத்தைந்து ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை வழங்கியது. 1914-ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் சென்றபோது, சென்னை அளித்த ஆண்டுக்கு 250 பவுன் 'ஸ்காலர்ஷிப்'போடு, டிரினிடிக் கல்லூரியின் 60 பவுன் 'எக்ஸிபிஷன்' தொகையும் அவருக்குக் கிடைத்தது.

1918-ஆம் ஆண்டில் அக்கல்லூரி அவரைத் தன் 'பெல்லோ'வாகத் தேர்ந்தெடுத்தது. ஆறு ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் ஏறத்தாழ 250 பவுன் கிடைக்கும். கடமையும் இல்லை, நிபந்தனையும் இல்லை. 'பெல்லோ' என்பது வட ஐரோப்பிய மொழி ஒன்றிலிருந்து ஆங்கிலம் பெற்ற பழஞ்சொல். கூட்டு முயற்சியில் தன் பங்குப் பணத்தை மற்றவர் பணத்தோடு சேர்த்து வைப்பவன் என்பது அதன் மூலப்பொருள். அதனைப் பெறுபவர் கொடுப்பவரின் கூட்டத்திலேயே ஒருவராகிவிடுகிறார்.

அதே காலத்தில் சென்னைப் பல்கலைக்கழகமும் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் 250 பவுன் அளிக்க முன்வந்தது. இராமானுசன் அப்போது நோயுற்று இங்கிலாந்தில் மருத்துவம் பெற்றுவந்தார். 1919-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 11-ஆம் நாள் பல்கலைக்கழகப் பதிவாளருக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். தாம் இந்தியா திரும்பிய பின்னர் அத்தொகை முழுவதும் தமக்கு வேண்டியிராது என்றார். தம் பெற்றோர்க்கு ஆண்டுதோறும் ஐம்பது பவுன் அனுப்ப வேண்டும். தமக்கு இன்றியமையாத செலவுகள் போக எஞ்சியதை, ஏழை மாணவர்க்கும் பெற்றோரை இழந்தோர்க்கும் பள்ளிக் கட்டணத்தைக் குறைக்கவும், பள்ளிகளுக்கு நூல்கள் வாங்கவும் பயன்படுத்த வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.